இருபது பேரில் ஒருவர்

பந்து என்றால் உருண்டையாக இருக்க வேண்டும் என்பது உலகத்தார் ஒப்புக்கொண்ட கொள்கை. அந்தக் கொள்கையைச் சற்றும் சட்டை செய்யாத ஆட்டம் ஒன்று உண்டு. அதற்கு ரக்பி என்று பெயர். அதில் ஆடப்படும் பந்து, பெரிய வாத்து முட்டையைப் போல் இரு பக்கமும் கூம்பியிருக்கும். தரையில் விழுந்தால் எந்தத் திக்கில் துள்ளும் என்பது அந்தப் பந்துக்கே தெரியாது. அதைக் காலால் உதைக்கலாம். கையால் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓடுகிறவனை எதிர்க்கட்சியார் கட்டிப் பிடித்து மண்ணில் உருட்டலாம். நம்மூர்ச் சடுகுடுவையும் ஜல்லிக்கட்டையும் ஒன்றாகக் கலந்து, அதற்கு ஒரு சட்டப் புத்தகமும் எழுதிவிட்டால் எப்படியிருக்குமோ, ஏறக்குறைய அப்படியிருக்கும் இந்த ஆட்டம்.

இதில் ஒரு தேசத்துக்கும் மற்றொரு தேசத்துக்கும் நடந்த முதல் பந்தயம், 1871-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், ரேபர்ன் பிளேஸ் என்னும் மைதானத்தில் நடைபெற்றது. ஒரு பக்கம் ஸ்காட்லாந்து. மறு பக்கம் இங்கிலாந்து. இந்நாளில் பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடுகிறார்கள். அன்று பக்கத்துக்கு இருபது பேர் ஆடினார்கள். ஸ்காட்லாந்தின் அந்த இருபது பேரில் ஒருவரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் ஆல்பிரட் குளூனிஸ்-ராஸ். செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையின் சார்பில் வந்தவர். வயது ஏறக்குறைய இருபது. பெயரைக் கேட்டால், ஸ்காட்லாந்தின் மலைச்சாரலில் ஆட்டு மந்தைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர் என்றே தோன்றும். ஆனால் அவர் பிறந்த இடத்தில் மலையும் இல்லை, ஆட்டு மந்தையும் இல்லை. நம்முடைய இந்து மகா சமுத்திரத்தின் நடுவே, தென்னை மரங்களைத் தவிர வேறு உயரமான வஸ்து எதுவும் இல்லாத ஒரு பவழத் தீவில் அவர் பிறந்தார். அவருடைய தாயார் ஒரு மலாய்ப் பெண்மணி. சர்வதேச ரக்பிப் பந்தயத்தில் ஆடிய, வெள்ளையரல்லாத வமிசத்தைச் சேர்ந்த முதல் மனிதர் என்று விளையாட்டுச் சரித்திரக்காரர்கள் இந்நாளில் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

காவேரிக் கரையில் ஒரு சிறு பட்டணத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் போதிக்கும் எனக்கு, ரக்பிக்காரர் எப்படி அறிமுகமானார் என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லாம் 'எம்டன்' கப்பலால் வந்தது.

நமது பேச்சில் 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்கிறோம் அல்லவா? 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானிய யுத்தக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து குண்டு மழை பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் வந்த சுவடு தெரியாமல் மறைந்தது. அன்று முதல், சாமர்த்தியத்தோடு துணிச்சலும் சேர்ந்தவனுக்குத் தமிழில் எம்டன் என்று பெயர் வந்துவிட்டது. இதை ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்புறம் அந்தக் கப்பல் என்ன ஆச்சு, ஸார்?" என்று கேட்டான். பாடப் புத்தகத்தில் கப்பல் சென்னையோடு நின்றுவிடுகிறது. பையனுடைய ஆவல் நிற்கவில்லை. ஆகவே எம்டனைத் தொடர்ந்து நானும் கடலில் இறங்கினேன்.

எம்டன் தன் முடிவைக் கண்ட இடம் கோகோஸ் தீவுகள். கீலிங் தீவுகள் என்றும் சொல்வார்கள். சுமத்திராவுக்குத் தென்மேற்கே, நடுக்கடலில், இருபத்தேழு சின்னஞ்சிறு தீவுகள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 14 சதுர கிலோமீட்டர்தான் தேறும். அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிப்பதற்காக எம்டன் 1914 நவம்பர் 9-ஆம் தேதி வந்தது. ஐம்பது மாலுமிகள் கரையிறங்கி வேலையில் ஈடுபட்டிருந்தபோது, ஆஸ்திரேலியக் கப்பலான 'ஸிட்னி' வந்து சேர்ந்தது. எம்டன் அடிபட்டுத் தரை தட்டியது. கரையில் அகப்பட்டுக்கொண்ட ஐம்பது பேரும் என்ன செய்தார்கள்? அங்கே நங்கூரம் பாய்ச்சி நின்ற 'ஆயிஷா' என்ற பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள். அந்தக் கப்பல் யாருடையது? தீவுகளின் சொந்தக்காரரான குளூனிஸ்-ராஸ் குடும்பத்தாருடையது!

தீவுகளுக்குச் சொந்தக்காரரா? அது எப்படி? ஒரு குடும்பம் எப்படி இருபத்தேழு தீவுகளைப் பட்டா போட்டுக்கொள்ள முடியும்? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனபோதுதான், அந்தக் குடும்பத்தில் பிறந்து, எடின்பரோ மைதானத்தில் போய் ஆடிய ஆல்பிரட்டைச் சந்தித்தேன்.

* * *

முதலில் பாட்டனாரின் கதையைச் சொல்ல வேண்டும். ஜான் குளூனிஸ்-ராஸ் என்பவர் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லண்ட் தீவுகளில் 1786-ஆம் வருஷம் பிறந்த மாலுமி. கீழ்த்திசைக் கடல்களில் கப்பலோட்டியவர். அலெக்ஸாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயரிடம் அவருக்கு வேலை. இந்த ஹேர் ஒரு விசித்திரப் பிறவி. போர்னியோவில் சில காலம் பிரிட்டிஷ் அதிகாரியாயிருந்து குட்டி ராஜாவைப் போல் வாழ்ந்தவர். அங்கிருந்து வெளியேற நேர்ந்தபின், அடிமைகளாகவும் ஆசை நாயகிகளாகவும் வைத்திருந்த சுமார் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு, 1826-இல் கோகோஸ் தீவில் வந்து இறங்கினார். அதுவரையில் அங்கே மனித வாசம் கிடையாது. மறு வருஷம் ராஸும் தம் மனைவி மக்களுடன் வந்து சேர்ந்தார்.

ஒரே உறையில் இரண்டு கத்திகள் எத்தனை நாள் இருக்கும்? இருவருக்கும் சண்டை மூண்டது. ஹேருடைய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அவரை விட்டு ராஸின் பக்கம் போய்விட்டார்கள். 1831-இல் ஹேர் தீவை விட்டே போய்விட்டார். மிஞ்சியவர் ராஸ். தீவு முழுவதும் தென்னை நட்டுக் கொப்பரை வியாபாரம் தொடங்கினார். அவர் முதலாளி, ஹேர் கொண்டுவந்த மலாய் ஜனங்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தொழிலாளர்கள்.

1836 ஏப்ரலில் சார்லஸ் டார்வின் 'பீகிள்' கப்பலில் இந்தத் தீவுகளுக்கு வந்தார். பவழப் பாறைகள் உண்டாகும் விதத்தைப் பற்றிய தம்முடைய சித்தாந்தத்தை இங்கே நேரில் கண்டு உறுதி செய்துகொண்டார். பவழத்தை ஆராய்ந்த அந்தக் கண்கள் மனிதர்களையும் பார்க்கத் தவறவில்லை. இந்த மலாய்க்காரர்கள் பெயரளவில் சுதந்திரம் பெற்றவர்கள், நேரில் கொடுமைப்படுத்தப்படுவதுமில்லை. ஆனால் மற்றப் பெரும்பாலான விஷயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்ற கருத்தை அவர் குறித்துவைத்தார்.

1854-இல் பாட்டனார் காலமானார். அவருடைய மகன் ஜான் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தார். 'பட்டம்' என்று சொல்வது வேடிக்கைக்காக மட்டும் அல்ல. வெளியுலகில் இந்தக் குடும்பத் தலைவர்களைக் 'கோகோஸ் ராஜா' என்றே அழைத்தார்கள். 1857-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து தீவுகளைச் சாம்ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டது. 1886-இல் விக்டோரியா மகாராணியார் தீவுகளை அந்தக் குடும்பத்துக்கே நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே உழைத்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஜான் ஜார்ஜ் மணந்துகொண்டது ஒரு மலாய்ப் பெண்ணை. பெயர் ஸ்பியா டுபோங். ஜாவாவில் உள்ள ஸோலோ நகரத்து ராஜ வமிசத்தைச் சேர்ந்தவர் என்று சொல்வார்கள். ஆல்பிரட் இவர்களுடைய மகன். பிற்காலத்தில் 'ராஜா'வாக இருந்த ஜார்ஜ் அவருடைய சகோதரர். 1888-இல் கிறிஸ்துமஸ் தீவில் முதன் முதலாகக் குடியேறிய ஆண்ட்ரூவும் சகோதரரே.

தகப்பனார் தம் பிள்ளைகளைப் படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பினார். சூயஸ் கால்வாய் 1869 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக் கணக்கில் பிரயாணம் செய்ய வேண்டும். தென்னங்கீற்றின் சலசலப்பில் வளர்ந்த பிள்ளைக்கு வடகடலின் குளிர்காற்று எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆல்பிரட் போய்ச் சேர்ந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் நமக்கு ஆச்சரியமளிக்கும் வஸ்து ஒன்று உண்டு. அது 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளிக்கூடம்! அந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789 முதல் சில வருஷங்கள் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தம் பள்ளியில் கையாண்டார். அதையே 'மெட்ராஸ் முறை' என்று சீமையில் பரப்பினார். அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு 1833-இல் அந்தப் பள்ளி திறக்கப்பட்டது. இன்றும் நடந்து வருகிறது. நம்முடைய சட்டாம்பிள்ளை ஸ்காட்லாந்து வரை போய்ப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார் என்று சொன்னபோது, என் வகுப்புச் சட்டாம்பிள்ளைக்குத் தலை கால் புரியவில்லை.

* * *

இனிப் பந்தயத்துக்கு வருவோம். 1870 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஐந்து சங்கத் தலைவர்கள் கையெழுத்திட்டு, 'இருபதுக்கு இருபது ஆட வாருங்கள்' என்று இங்கிலாந்தாருக்குப் பத்திரிகை வாயிலாகச் சவால் விட்டார்கள். இங்கிலாந்தார் ஏற்றுக்கொண்டார்கள். குறித்த நாளில் சுமார் 4,000 ஜனங்கள் கூடினார்கள். ஆட்டம் ஐம்பது ஐம்பது நிமிஷமாக இரண்டு பாகம்.

அந்நாளைய விதிகள் விநோதமானவை. பந்தை எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் ஊன்றிவிட்டால் அதற்குப் புள்ளி ஒன்றும் கிடையாது. கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலாகப் பந்தை உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டுமே கிடைக்கும். ஆகவே ஊன்றுவதற்கு ஆங்கிலத்தில் 'டிரை', அதாவது முயற்சி, என்று பெயர். உதைத்த பந்து கட்டையைத் தாண்டினால்தான் 'கோல்'. வெற்றி தோல்வி கோலைக் கொண்டே தீர்மானமாகும்.

அன்று இரண்டாவது பாகத்தில் ஸ்காட்லாந்தார் கும்பலாக நெருக்கித் தள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். பியூக்கனன் என்பவர் பந்தை ஊன்றினார். இது செல்லாது என்று இங்கிலாந்தார் ஆட்சேபித்தார்கள். மத்தியஸ்தம் செய்தவர் ஆல்மண்ட் என்ற தலைமை ஆசிரியர். அவர் ஸ்காட்லாந்து பக்கம் தீர்ப்பளித்தார். கிராஸ் என்பவர் உதைத்த பந்து கட்டையைத் தாண்டியது. அந்த ஒரு கோலினால் ஸ்காட்லாந்து வென்றது. பிற்காலத்தில் ஆல்மண்ட் அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு ரஸமான சமாதானம் சொன்னார்: மத்தியஸ்தருக்குச் சந்தேகம் வந்தால், எந்தப் பக்கத்தார் அதிகமாகக் கூச்சல் போடுகிறார்களோ அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதே நியாயம், பெரும்பாலும் தப்பு அவர்கள் பக்கமே இருக்கும் என்றாராம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் தினந்தோறும் பஞ்சாயத்துச் செய்யும் எனக்கு, இது தலைமை ஆசிரியர் ஒருவருடைய வாக்கு என்பதில் எள்ளளவும் சந்தேகம் தோன்றவில்லை.

ஆல்பிரட் பின் வரிசையில் நின்றவர். முன்னே பதினான்கு பேர் நெருக்கித் தள்ளுவார்கள். அவர்களைத் தாண்டி வரும் பந்தையும் ஆளையும் தடுப்பது பின்னால் நிற்பவர்களுடைய வேலை. எதிரிக்குக் கோல் கிடைக்காமற் போன பெருமையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லலாம். ஆனால் கோல் போட்டவனைக் கொண்டாடும் உலகம், கோல் விழாமல் காத்தவனை நினைப்பதில்லை. அந்த ஒரு பந்தயத்தோடு அவருடைய சர்வதேச ஆட்டமும் முடிந்துவிட்டது. அதே 1871-ஆம் வருஷம், கோகோஸ் தீவில் தகப்பனாரின் காலமும் முடிந்து, சகோதரர் ஜார்ஜின் ஆட்சி ஆரம்பமாயிற்று.

* * *

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். 'நம்ம சமுத்திரத்துப் பையன்' என்று ஆல்பிரட்டுக்குப் பட்டப்பெயரும் சூட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் கேட்ட கேள்விதான் என்னை வெகு நாள் யோசிக்க வைத்தது. "வெள்ளைக்காரங்க, மலாய்க்காரர் மகன்னு பார்க்காம அவரைச் சேர்த்துக்கிட்டாங்களே ஸார்! ரொம்ப நல்லவங்க போலிருக்கே?" என்றான்.

அப்படித்தானா? இன்னும் இரண்டு பேருடைய கதைகளை அருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலாமவர் ஆண்ட்ரூ வாட்ஸன். தென்னமெரிக்காவில் உள்ள பிரிட்டிஷ் கயானாவில் 1856-இல் பிறந்தவர். தகப்பனார் செல்வந்தரான ஸ்காட்லாந்துக்காரர். தாயார் கறுப்பினத்துப் பெண்மணி. தகப்பனாரின் சொத்தைப் பெற்று, உயர்தரப் பள்ளிகளில் படித்த வாட்ஸன், 1881-இல் கால்பந்தாட்டத்தில் ஸ்காட்லாந்துக் கட்சிக்கே தலைமை வகித்து, இங்கிலாந்தை ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார்.

இரண்டாமவர் ஜேம்ஸ் பீட்டர்ஸ். 1879-இல் இங்கிலாந்தில் ஸால்போர்டு நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த ஸர்க்கஸ் தொழிலாளி. தகப்பனாரை இழந்தபின் பையன் அநாதை விடுதியில் வளர்ந்தான். தச்சு வேலை கற்றான். கப்பல் தளத்தில் கூலிக்கு உழைத்தான். அபார ரக்பி ஆட்டக்காரன். 1906 மார்ச்சு மாதத்தில், அதே எடின்பரோவில், அதே ஸ்காட்லாந்து - இங்கிலாந்துப் பந்தயத்தில், இம்முறை இங்கிலாந்தின் பக்கம் பீட்டர்ஸ் ஆடினார். இங்கிலாந்துக்காக ரக்பி ஆடிய முதல் கறுப்பர் அவரே. அவரைத் தேர்ந்தெடுத்ததை நிறத்தின் காரணமாகப் பலர் விரும்பவில்லை என்று பத்திரிகையே எழுதியது. அவ்வருஷக் கடைசியில் தென்னாப்பிரிக்க வெள்ளையர் கட்சி சுற்றுப்பிரயாணம் வந்தது. பீட்டர்ஸ் இடம் பெற்ற டெவன் ஜில்லாக் கட்சியோடு ஆடவே அவர்கள் தயங்கினார்கள். பிறகு டிசம்பரில் இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பந்தயம் நடந்தபோது, இங்கிலாந்துப் பட்டியலில் பீட்டர்ஸின் பெயர் இல்லை.

ஆல்பிரட்டும் வாட்ஸனும் தடையின்றி உள்ளே போனார்கள். பீட்டர்ஸுக்கு வாசலிலேயே தடை. காலம் முன்னேற முன்னேற மனிதர்களின் மனமும் விசாலமாகும் என்று நாம் நம்புகிறோம். இங்கே முப்பத்தைந்து வருஷங்களில் நேர்மாறாக நடந்திருக்கிறது. காரணம் பல இருக்கலாம். எனக்குத் தெரிகிற காரணம் ஒன்று. முதல் இருவருக்கும் தகப்பனாருடைய பெயரும் பொருளும் முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்தன. பீட்டர்ஸுக்கு முன்னால் நடக்க யாரும் இல்லை. ஏழையின் நிறம் எல்லார் கண்ணிலும் படுகிறது. பணக்காரனுடைய நிறத்தை அவனுடைய பணமே போர்வையாக மூடிவிடுகிறது.

ஆல்பிரட்டின் கல்விக்கு வழி செய்த பணம் எங்கிருந்து வந்தது? கொப்பரையிலிருந்து. தேங்காய் பொறுக்கி, உரித்து, உடைத்து, உலர்த்தியவர்கள் யார்? தாயாரின் மொழியைப் பேசிய மலாய் ஜனங்கள். அவர்களுக்குக் கூலி, வெளியுலகில் செல்லாத சொந்தத் தீவு நாணயத்தில் கொடுக்கப்பட்டது. ஆட்டுத்தோலில் எழுதிய சீட்டாகவும், பிற்காலத்தில் வில்லைகளாகவும் அது வழங்கியது. குடும்பத்தாரின் கடையிலன்றி வேறெங்கும் அதைக் கொண்டு ஒரு சாமானும் வாங்க முடியாது. மைதானத்தில் நின்ற அந்த இளைஞரிடத்தில் முதலாளி வீட்டு ரத்தமும் இருந்தது. தொழிலாளர் குலத்தோடு உறவும் இருந்தது. பட்டியல் எழுதியவர்களுக்கு முதலாவது மட்டுமே கண்ணில் பட்டது.

இதே ஸ்காட்லாந்து - இங்கிலாந்துப் பந்தயத்துக்கு 1879 முதல் ஒரு வெள்ளிக் கோப்பை ஏற்பட்டிருக்கிறது. 'கல்கத்தாக் கோப்பை' என்று பெயர். கல்கத்தாவிலிருந்த வெள்ளையரின் ரக்பிச் சங்கம் கலைந்தபோது, பாங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் நாகப்பாம்புகள், மூடியின்மேல் ஒரு யானை. இன்றும் அதற்காகத்தான் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தின் பின்னணியில் நம் நாட்டு வெள்ளியும் இருக்கிறது, கோகோஸ் தீவின் கொப்பரையும் இருக்கிறது. கோப்பையிலாவது ஊர்ப் பெயர் பொறித்திருக்கிறது. கொப்பரைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

* * *

இந்தக் கணக்கையெல்லாம் சொல்லி முடித்த மறுநாள், முன் வரிசைப் பெண் குழந்தை ஒருத்தி, "அவரோட அம்மா பேரை நேத்திக்குச் சொல்லவேயில்லையே ஸார்?" என்று கேட்டாள். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். குழந்தைகள் இரண்டு மூன்று தடவை உச்சரித்துப் பார்த்தார்கள். "ராஜகுமாரியா ஸார்?" என்றாள் ஒருத்தி. "அப்படிச் சொல்கிறார்கள்" என்றேன். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. வெள்ளைக்காரத் துரை மணந்துகொண்ட கீழ்நாட்டுப் பெண்ணின் வரலாற்றில் அரண்மனை ஒன்று எப்படியாவது இடம் பெற்றுவிடுகிறது. அந்த அம்மாள் ராஜகுமாரியாயிருந்தாலும், தேங்காய் உரிக்கும் வீட்டில் பிறந்திருந்தாலும், பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டுக் கரையில் நின்றபோது அவருடைய மனம் பட்ட பாட்டில் வித்தியாசம் இருந்திருக்குமா? ராஜ வமிசம் என்ற சிபாரிசு இல்லாமலே ஒரு தாயின் பெயரைச் சரித்திரத்தில் எழுதிவைக்கக் கூடாதா?

வாசகர்கள் இதைச் சீமைக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் ஒவ்வொருவருடைய பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து நிற்கிறதே, அது யாருடையது? பெரும்பாலும் தகப்பனாருடையது. என் பெயருக்கு முன்னால் நிற்கும் 'கே' என்பதும் என் தகப்பனாருடையதே. அவர் ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதியவர். நான் எட்டாவது படிக்கும்போது காலமாகிவிட்டார். அதன் பிறகு என்னையும் என் தங்கையையும் வளர்த்துப் படிக்கவைத்தது என் தாயார் இட்ட அப்பளம். விடியற்காலையில் எழுந்து, உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்து, உலக்கையால் இடித்து, உருட்டி, இட்டு, நிழலில் உலர்த்தி, நூறு நூறாக எண்ணிக் கட்டுவார். அந்த நூறுகளைக் கொண்டு நான் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றேன். பட்டச் சான்றிதழில் தகப்பனாரின் எழுத்து இருக்கிறது. தாயாரைக் குறிக்கும் அடையாளம் எதுவும் இல்லை. இதை என் தகப்பனாரின்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவர் இருந்திருந்தால் அவரும் உழைத்திருப்பார். பெயர் எழுதும் வழக்கம் ஒன்றாகவும், பிள்ளையை வளர்த்த கை வேறாகவும் இருப்பதைச் சொல்கிறேன்.

என் தாயார் இப்பொழுது என்னோடுதான் இருக்கிறார். எழுபது கடந்துவிட்டது. கோகோஸ் தீவின் கதையை அவரிடமும் சொன்னேன். ரக்பியைப் பற்றி அவர் அதிகமாகச் சிரத்தை காட்டவில்லை. "இத்தனை பெரிய பிள்ளைகள் மண்ணில் புரண்டால் துணியை யார் துவைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தப் பிள்ளை ஆட்டத்தில் ஜெயிச்ச சமாசாரம் அவன் அம்மாவுக்கு எப்போ தெரிஞ்சிருக்கும்?" என்றார். நான் திகைத்துப் போனேன். எத்தனையோ தேதிகளைத் தேடிப் பிடித்த எனக்கு, இந்தத் தேதியைத் தேடத் தோன்றவில்லை. கடுதாசி கப்பலேறி, துறைமுகம் துறைமுகமாக மாறி, கொப்பரை ஏற்றப் போகும் பாய்மரத்தில் அந்தத் தீவை அடைய எத்தனை மாதம் ஆகியிருக்குமோ! அதைப் படித்துச் சொன்னவர்கள் யாரோ! முட்டை வடிவப் பந்து என்றால் அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ!

கோகோஸ் தீவுகளின் பிற்கால வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். 1955-இல் பிரிட்டிஷார் அவற்றை ஆஸ்திரேலியாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 1978-இல் ஆஸ்திரேலிய சர்க்கார் 62½ லட்சம் டாலர் கொடுத்து, குளூனிஸ்-ராஸ் குடும்பத்தாரிடமிருந்து பெரும்பாலான நிலத்தை வாங்கியது. 1984 ஏப்ரல் 6-ஆம் தேதி, அந்தத் தீவு ஜனங்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். மிகப் பெரும்பான்மையோர் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்திருக்க விரும்பினார்கள். 1826-இல் யாரோ ஒருவருடைய உடைமையாக வந்து இறங்கிய ஜனங்கள், தங்களைப் பற்றிய தீர்மானத்தில் கையெழுத்திட நூற்றைம்பத்தெட்டு வருஷங்கள் ஆயின. இன்று அங்கே சில நூறு பேர் மலாய் மொழி பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். ராஜாக்களின் மாளிகை தென்னந்தோப்பின் நடுவே நிற்கிறது.

எங்கள் பள்ளியில் வருஷந்தோறும் விளையாட்டு விழா நடக்கும். வெற்றி பெற்றவர்களின் பெயர்களைப் பெரிய அட்டையில் எழுதி வாசலில் வைப்பது என்னுடைய பொறுப்பு. இவ்வருஷம் தலைமையாசிரியரின் அனுமதியைப் பெற்று, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் தாயார், தகப்பனார் இருவருடைய பெயர்களையும் எழுதினேன். அட்டை கொஞ்சம் நீளமாயிற்று. அதனால் சுவருக்கு ஒன்றும் சேதமில்லை. நூறு கஜ ஓட்டத்தில் முதலாவதாக வந்த பையனுடைய தாயார் செங்கல் சூளையில் வேலை செய்பவர். மாலையில் வேலை முடிந்து வந்தவர், எழுத்துக் கூட்டித் தம் பெயரைப் படித்தார். மறுபடியும் ஒரு முறை படித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "இதில் இருக்கிறது நான்தானா?" என்று கேட்டார்.